ஆளில்லாத கேலரியில் பிறந்த அணி: சேலத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2020 பிப்ரவரியில், வாழப்பாடியை ஒட்டிய காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷனின் புதிய மைதானத்தை அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்து வைத்தார். ராகுல் திராவிடும் அந்த விழாவுக்கு வந்திருந்தார். மாவட்டத்துப் பையன்கள் தொழில்முறை ஆட்டத்தைப் பார்க்க இனிச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை என்று எங்களில் பலரும் அன்று நம்பினோம். அடுத்த மாதமே கொரோனாப் பெருந்தொற்றால் நாடு முழுவதும் விளையாட்டு நின்றது. மார்ச் 29 அன்று தொடங்க வேண்டிய ஐபிஎல் தள்ளிப்போனது. அந்த ஆண்டு தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) நடக்கவே இல்லை. சேலம் ஸ்பார்ட்டன்ஸ் என்ற பெயரில் ஓர் அணி முதன்முதலாகக் களமிறங்கியது 2021 ஜூலையில்தான். அந்தப் பருவத்தின் எல்லா ஆட்டங்களும் சென்னை சேப்பாக்கத்தில், ஒரு ரசிகர்கூட உள்ளே விடப்படாமல் நடத்தப்பட்டன. ஊரின் பெயரைத் தாங்கிய அணி, ஊருக்கு வெளியே, ஊர்க்காரர் எவரும் பார்க்க முடியாத மைதானத்தில் தன் முதல் பருவத்தை ஆடி முடித்தது.

ரசிகர்கள் இல்லாமல் ஆடப்படும் தொழில்முறை ஆட்டத்தில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்ற கேள்வியைச் சேலத்துக்காரர்கள் கேட்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். மாவட்ட அளவிலான ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுபவன் என்ற முறையில் எனக்கு இதில் தனி அக்கறையும் உண்டு. நான் எழுதும் ஆட்டங்களில் பெரும்பாலானவை எந்தப் பெருந்தொற்றும் இல்லாமலே ஆளில்லாத மைதானத்தில்தான் நடக்கின்றன.

காலி கேலரி 2020இல் பிறந்த புதுமை என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு முன்பு அது தண்டனையாகவோ பாதுகாப்பு நடவடிக்கையாகவோதான் வந்தது. 1999 பிப்ரவரியில் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் நடந்த இந்தியா–பாகிஸ்தான் டெஸ்டில், டெண்டுல்கர் ரன் அவுட் ஆன விதத்தால் எழுந்த கொந்தளிப்பு கடைசி நாள் வரை அடங்கவில்லை. போலீசார் கூட்டத்தை முழுவதுமாக வெளியேற்றிய பிறகுதான் மீதி ஆட்டம் நடந்தது. பாகிஸ்தான் 46 ரன்னில் வென்றது. 2007இல் இத்தாலியின் கட்டானியாவில் கால்பந்து ஆட்டத்தையொட்டி நடந்த கலவரத்தில் ஒரு காவல்துறை அதிகாரி உயிரிழந்தார். அதன் பின்னர், பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றாத மைதானங்களில் ரசிகர்களை விடாமல் ஆடும்படி அந்த நாட்டில் உத்தரவு வந்தது. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் கலவரத்தில் இருந்தபோது, அங்கு ஒரு பேஸ்பால் ஆட்டம் பூட்டிய வாயில்களுக்குள் நடந்தது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2011 உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்தில் கட்டப்பட்ட மூன்று புதிய கேலரிகள், அனுமதிச் சிக்கலால் 2012 முதல் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தன. மைதானம் நிரம்பி வழிந்த ஐபிஎல் ஆட்டங்களில்கூட ஐ, ஜே, கே என்ற அந்த மூன்று பகுதிகளில் வெறும் நாற்காலிகளே இருந்தன. அவற்றைத் திறக்க அனுமதி கிடைக்காததால்தான் 2019 ஐபிஎல் இறுதி ஆட்டம் சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குப் போனது.

2020இல் வந்தது வேறு வகை. எவரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் உலகம் முழுவதும் கேலரிகள் ஒரே நேரத்தில் காலியாயின. மார்ச் 13 அன்று சிட்னியில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆடிய ஒருநாள் ஆட்டத்தில், சிக்சராகப் போய் விழுந்த பந்தை எடுத்துத் தர ஆளில்லாமல் ஃபீல்டரே கேலரிக்குள் ஏறி நாற்காலிகளுக்கு இடையே தேடினார். மே 16 அன்று ஜெர்மனியின் கால்பந்து லீக்கான பூந்தெஸ்லிகா மீண்டும் தொடங்கியபோது, 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் டார்ட்முண்ட் மைதானத்தில் பந்து உதைபடும் ஓசையும் பயிற்சியாளரின் குரலும் மட்டுமே கேட்டன. அந்த ஆட்டத்தில் டார்ட்முண்ட் 4–0 என்று ஷால்கேவை வென்றது.

இப்படி ஆட முடிந்ததற்குக் காரணம் பணம் வரும் வழி. ஸ்டார் இந்தியா நிறுவனம் 2018 முதல் 2022 வரையிலான ஐந்து ஐபிஎல் பருவங்களின் ஒளிபரப்பு உரிமையை ₹16,347.5 கோடிக்கு வாங்கியிருந்தது. அந்தத் தொகைக்கு முன்னால் டிக்கெட் வருமானம் சிறியது. ஆட்டமே நடக்காமல் போனால்தான் பெரும் நட்டம். ரசிகர் வராமல் போனால் நட்டம் தாங்கக்கூடியது. ஆகவே 2020 செப்டம்பர் 19 முதல் நவம்பர் 10 வரை துபாய், அபுதாபி, ஷார்ஜா ஆகிய மூன்று இடங்களில் ஐபிஎல் நடந்து முடிந்தது. கேலரியில் இல்லாத ஆரவாரத்தைப் பதிவிலிருந்து எடுத்து ஒலிக்கவிட்டார்கள். வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்தவருக்கு ஆட்டத்தின் குறை அவ்வளவாகத் தெரியவில்லை. அந்தக் குறையைத் தொலைக்காட்சித் திரையில் தேடினால் கிடைக்காது, முடிவுகளின் பதிவேட்டில்தான் கிடைக்கும் என்பதே என் கருத்து.

2020–21 பருவத்தில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை ரசிகர்கள் இன்றி நடந்தன. மொத்தம் 380 ஆட்டங்களில் சொந்த மைதானத்தில் ஆடிய அணிகள் 144இல் வென்றன; வெளியூரிலிருந்து வந்த அணிகள் 153இல் வென்றன; 83 சமனில் முடிந்தன. அந்த நாட்டின் முதல்தர லீக் வரலாற்றில் விருந்தினர் அணிகளின் வெற்றி சொந்த ஊர் அணிகளின் வெற்றியைத் தாண்டியது அதுவே முதல்முறை. பூந்தெஸ்லிகாவிலும் 2020 மே மாதத்துக்குப் பிறகு சொந்த ஊர் வெற்றிகள், நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் இருந்த நிலையிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கின. லிவர்பூல் அணி தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்கள் தோல்வியே காணாமல் இருந்தது. 2021 ஜனவரியில் பர்ன்லியிடம் தோற்று அந்தத் தொடர் முடிந்தது. அதிலிருந்து அந்த மைதானத்தில் நடந்த லீக் ஆட்டங்களில் தொடர்ச்சியாக ஆறு தோல்விகள். லிவர்பூலின் முக்கியத் தடுப்பாட்டக்காரர்கள் அந்தப் பருவத்தில் காயத்தால் வெளியே இருந்ததையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். முழுப் பழியையும் காலி நாற்காலிகள் மேல் போடுவது நியாயமாகாது. ஆனால் ஒரே ஓர் அணியின் கதையாக இல்லாமல் ஒரு நாட்டின் லீக் முழுவதிலும், அடுத்த நாட்டின் லீக்கிலும் அதே திசையில் எண்கள் நகரும்போது, காயம் என்ற ஒரு விளக்கம் போதாது.

எந்த வழியாக இது நடக்கிறது? ரசிகர்களின் ஆரவாரம் வீரர்களுக்கு உற்சாகம் தருகிறது என்பதுதான் நாம் எல்லோரும் சொல்லிப் பழகிய பதில். அதைவிட உறுதியான விளக்கம் நடுவரிடம் இருக்கிறது. 2007இல் இத்தாலியில் ரசிகர்கள் இன்றி நடந்த 21 ஆட்டங்களை, பெட்டர்சன்–லிட்போம், பிரிக்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் மற்ற ஆட்டங்களோடு ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீரர்களின் ஆட்டத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் அவர்கள் காணவில்லை. மாறியது நடுவர்களின் நடத்தை. கூட்டம் இருக்கும்போது வெளியூர் அணியைக் கூடுதல் கண்டிப்போடு தண்டித்த அதே நடுவர்கள், கூட்டம் இல்லாதபோது அந்தச் சாய்வைக் கைவிட்டிருந்தார்கள். 2020க்குப் பிறகு ஐரோப்பாவில் நடந்த பல ஆய்வுகளிலும், வெளியூர் அணிகளுக்குக் காட்டப்பட்ட மஞ்சள் அட்டைகள் குறைந்தது தெரியவந்தது.

இதை நான் எளிதாக நம்புகிறேன். நடுவர் நேர்மையற்றவர் என்று இதற்குப் பொருளில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு தள்ளுமுள்ளு நடக்கிறது, பார்த்தது பாதிதான், மீதியை நிரப்ப மனம் எதையாவது தேடுகிறது. அந்தக் கணத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே குரலில் எழுப்பும் சத்தம், கண் பார்க்காத பாதிக்குச் சாட்சி போல வந்து நிற்கிறது. கிரிக்கெட்டில் இதே இடத்தில் இருப்பது அப்பீல், அதாவது அவுட் தரும்படி ஃபீல்டிங் அணி நடுவரிடம் எழுப்பும் கூச்சல். மாவட்ட லீக்கில் நான் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது, எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்தும் பந்து மட்டையின் விளிம்பைத் தொட்டுப் போகும் மெல்லிய சத்தம் பல முறை கேட்டிருக்கிறது. அந்த அமைதியில் நடுவர் பதினோரு பேரின் கூச்சலையும் தன் காதில் விழுந்த சத்தத்தையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. நிரம்பிய மைதானத்தில் அந்த மெல்லிய ஓசை முதலில் காணாமல் போகும். கபடியில் இது இன்னும் கூர்மையானது. ரெய்டுக்குப் போகிறவர் மூச்சு விடாமல் பாடுகிறாரா என்பதை நடுவர் காதால்தான் தீர்மானிக்க வேண்டும். புரோ கபடி லீக்கின் எட்டாவது பருவம் 2021 டிசம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை பெங்களூரில் ஒரே இடத்தில், ரசிகர்கள் இன்றி நடந்தது. அந்தப் பருவத்தில் பாட்டு ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. திருவிழாக் கபடியில் மைக்கும் மேளமும் ஒன்றாக ஒலிக்கும் இடத்தில் நடுவராக நிற்பவரிடம் கேட்டால், இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அவர் சொல்லுவார்.

நம் மாநிலத்திலேயே, ஒரே மைதானத்தில், ஒரே இரு அணிகளுக்கு இடையில், இரண்டு வாரங்களுக்குள் இந்தச் சோதனை நடந்தது. 2021 பிப்ரவரியில் இந்தியாவும் இங்கிலாந்தும் சேப்பாக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட் ஆடின. பிப்ரவரி 5 தொடங்கிய முதல் டெஸ்டுக்கு ரசிகர்கள் அனுமதிக்கப்படவில்லை. இங்கிலாந்து 578 ரன் குவித்தது. ஜோ ரூட் தன் நூறாவது டெஸ்டில் 218 அடித்தார். இந்தியா 227 ரன்னில் தோற்றது. பிப்ரவரி 13 தொடங்கிய இரண்டாவது டெஸ்டுக்குப் பாதி இருக்கைகள் திறந்துவிடப்பட்டன. ரோகித் சர்மா 161 அடித்தார். உள்ளூர்க்காரரான அஸ்வின் முதல் இன்னிங்சில் ஐந்து விக்கெட் எடுத்து, இரண்டாவது இன்னிங்சில் 106 ரன்னும் அடித்தார். இந்தியா 317 ரன்னில் வென்றது. ஆட்டத்தின் நடுவே விராட் கோலி கேலரியைப் பார்த்து விசில் அடிக்கச் சொல்லிக் கையசைத்ததும், அதற்குச் சேப்பாக்கம் திருப்பித் தந்த சத்தமும் பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது.

இதை வைத்துக்கொண்டு ரசிகர்கள் வந்ததால் இந்தியா வென்றது என்று எழுதிவிடுவது மிகச் சுலபம். நான் அப்படி எழுத மாட்டேன். முதல் டெஸ்டில் டாஸ் வென்றது இங்கிலாந்து, இரண்டாவதில் இந்தியா. இரண்டாவது ஆடுகளம் முதல் நாளிலிருந்தே பந்தைத் திருப்பியது. அணியிலும் மாற்றம் இருந்தது. அக்சர் படேல் அறிமுகமாகி இரண்டாவது இன்னிங்சில் ஐந்து விக்கெட் எடுத்தார். சேப்பாக்கத்தில் டாஸும் மண்ணும் சேர்ந்து செய்யும் வேலையை எந்தக் கேலரியும் செய்துவிட முடியாது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பெருந்தொற்றுப் பயணக் கட்டுப்பாடுகளால், டெஸ்ட் ஆட்டங்களுக்கு உள்ளூர் நடுவர்களையே நியமிக்கலாம் என்று ஐசிசி அனுமதித்து, அதற்கு ஈடாக ஒவ்வோர் இன்னிங்சுக்கும் கூடுதலாக ஒரு மறுபரிசீலனை வாய்ப்பு தந்திருந்தது. நடுவரின் தீர்ப்பைத் திரையில் திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கும் இடத்தில் கூட்டத்தின் செல்வாக்கு சுருங்கிவிடுகிறது. அந்த வசதி எதுவும் இல்லாத, இரண்டு நடுவர்களின் கண்ணையும் காதையும் மட்டுமே நம்பி நடக்கும் எங்கள் லீக் ஆட்டங்களில்தான் அந்தச் செல்வாக்கு முழு அளவில் வேலை செய்யும்.

தனி வீரரின் திறமையைக் கூட்டம் எவ்வளவு தொடுகிறது என்பதற்குச் சேலம் மாவட்டத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் தன் பெயரை நாட்டுக்கு அறிவித்தது ஆளில்லாத வளைகுடா மைதானங்களில். 2020 ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் அணிக்காக 16 விக்கெட் எடுத்தார். நவம்பர் 6 அன்று அபுதாபியில் நடந்த எலிமினேட்டர் ஆட்டத்தில், அரைச்சதம் கடந்து நின்ற ஏ.பி. டிவிலியர்சின் ஸ்டம்பை ஒரு யார்க்கரில் பெயர்த்தார். கிராமத்து டென்னிஸ் பந்துப் போட்டிகளில் எல்லைக்கோட்டின் மேலேயே கூட்டம் நின்று கத்தும் சூழலில் வளர்ந்த பந்துவீச்சு அது. காலி மைதானத்தில் அந்த யார்க்கரின் நீளம் ஓர் அங்குலம்கூடப் பிசகவில்லை. பிறகு ஆஸ்திரேலியாவில் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமாகி, 2021 ஜனவரியில் அவர் ஊர் திரும்பியபோது சின்னப்பம்பட்டித் தெருவில் சாரட்டு வண்டியில் ஊர்வலம் நடந்தது. அபுதாபியில் கிடைக்காத கைதட்டல் அனைத்தும் ஊரில் வட்டியோடு வந்து சேர்ந்தது.

இன்னொருவர் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. அவர் ஆடுவது லீக் ஆட்டமில்லை என்றாலும், அவர் பிரிவை விட்டுவிட்டு இந்த ஆய்வை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. உயரம் தாண்டும் வீரர்கள் ஓடத் தொடங்கும் முன் தலைக்கு மேல் கை தட்டி, கேலரியையும் சேர்ந்து தட்டச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாளம் அவர்களின் காலடிக் கணக்கோடு கலக்கிறது. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில், ரசிகர்கள் முன்னால் மாரியப்பன் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021 ஆகஸ்ட் 31 அன்று டோக்கியோவில், பொதுமக்களுக்கு அனுமதி இல்லாத அரங்கில், மழைக்கு நடுவே 1.86 தாண்டி வெள்ளி பெற்றார். 1.88இல் தவறியதற்கு மழையில் நனைந்த காலுறையைத்தான் அவர் காரணமாகச் சொன்னார்; காலி அரங்கைச் சொல்லவில்லை. 2024இல் பாரிசில், நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் 1.85 தாண்டி வெண்கலம் பெற்றார். மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கூட்டத்துக்கும் தாண்டிய உயரத்துக்கும் நேரான தொடர்பு எதுவும் தெரியவில்லை. நன்கு பழகிய உடல், பார்ப்பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பழகியதையே செய்கிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது என் முடிவு இது: காலி மைதானம் வீரரின் கைத்திறனை அதிகம் தொடவில்லை. தீர்ப்புச் சொல்பவரையும், ஊருக்கும் அணிக்கும் இடையிலான பிணைப்பையும்தான் அது தொட்டது. முதலாவது மாற்றம் நன்மை என்றே நான் கருதுகிறேன். இரண்டாவது இழப்பு, அந்த இழப்பைப் பெரிய அணிகளைவிடப் புதிய அணிகள்தான் அதிகம் சுமந்தன. 2018இல் காவிரிப் போராட்டத்தின்போது சென்னை சூப்பர் கிங்ஸின் சொந்த ஊர் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, ரசிகர்கள் தனி ரயிலில் அங்கே போனார்கள். அந்த ஆண்டு அந்த அணி கோப்பையும் வென்றது. மைதானத்தை இழந்தாலும் ஆட்களை இழக்காத அணி அது. பத்தாண்டுப் பழக்கம் அதற்கு இருந்தது. சேலம் ஸ்பார்ட்டன்ஸுக்கு 2021இல் மைதானமும் இல்லை, ஆட்களும் இல்லை, பழக்கமும் இல்லை.

அந்த அணியின் முதல் ஆட்டம் 2021 ஜூலை 19 அன்று லைகா கோவை கிங்ஸுக்கு எதிராக நடந்தது. கோவைக்காக டிஎன்பிஎல்லில் முதல்முறையாக ஆடிய சாய் சுதர்சன் 43 பந்தில் 87 ரன் அடித்தார். அறிமுக வீரருக்குக் கூட்டம் இல்லாதது ஒரு வசதியாகக்கூட இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். கைவந்த வித்தையைப் பார்வையாளரின் இருப்பு மேலும் கூராக்கும். கற்றுக்கொண்டிருக்கும் வித்தையைத் தடுமாறச் செய்யும் என்று ராபர்ட் ஜயான்ஸ் என்ற உளவியலாளர் 1965லேயே எழுதியிருக்கிறார். இளம் வீரர்கள் நிறைந்த லீக்குக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். ஆனால் அந்த 87 ரன்னை ஆச்சரியத்தோடும் சற்று வயிற்றெரிச்சலோடும் பார்த்திருக்க வேண்டிய சேலத்துச் சிறுவர்கள் அதைக் கைபேசியில்தான் பார்த்தார்கள். அணியின் பந்துவீச்சாளர் அடி வாங்கும்போது கூடவே வலித்துப் பழகினால்தான் அது ‘நம்ம டீம்’ ஆகிறது. அந்தப் பழக்கம் ஓராண்டு தள்ளிப்போனது.

2022இல் டிஎன்பிஎல் சேலத்துக்கு வந்தது. வாழப்பாடி மைதானத்தைச் சுற்றி வண்டிகள் நின்றன. தட்டுவடை செட்டுக்குக் கேரட்டும் பீட்ரூட்டும் துருவிக் குவித்து வைத்திருந்த கடைகளில் இன்னிங்ஸ் இடைவேளையில் கை ஓயவில்லை. ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் இந்த வருமானம் எந்த வரியிலும் வராது. ஆனால் ஒரு மாவட்ட ஊருக்குத் தொழில்முறை ஆட்டம் நேரடியாகத் தரும் பணம் பெரும்பாலும் இதுதான். இந்த லீக்கின் அமைப்பில் ஒரு குறையும் உண்டு. எல்லா அணிகளும் ஓர் ஊருக்குச் சேர்ந்து வந்து சில நாட்கள் ஆடிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவதால், சேலம் அணி சேலத்தில் ஆடும் ஆட்டங்கள் மிகச் சில. சொந்த மண்ணின் அனுகூலத்தை அளந்து பார்க்கும் அளவுக்கு எண்கள் சேர்வதே இல்லை. ஒவ்வோர் அணிக்கும் சொந்த ஊரில் ஆடும் ஆட்டங்களைக் கூட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை.

இன்னொரு கோரிக்கை என் மேசைக்கே உரியது. நாங்கள் எழுதும் ஸ்கோர் புத்தகத்தின் தலைப்பில் அணிகளின் பெயர், மைதானம், தேதி, டாஸ் வென்றவர், நடுவர்கள், ஸ்கோரர்கள் ஆகியோருக்கு இடம் இருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எழுத இடம் இல்லை. அதனால்தான் எந்த எல்பிடபிள்யூ தீர்ப்பு கூட்டத்துக்கு முன்னால் தரப்பட்டது, எது ஆளில்லாத வெயிலில் தரப்பட்டது என்று இன்று பின்னோக்கிப் பார்க்க நம்மிடம் எந்தச் சான்றும் இல்லை. அடுத்த பருவத்திலிருந்து மாவட்ட லீக்கின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பார்வையாளர் எண்ணிக்கையை, தோராயமாகவேனும், நடுவர்களின் பெயருக்கு அடுத்த வரியில் எழுதச் சொல்ல வேண்டும். உள்ளூர் அணி எது, வெளியூர் அணி எது என்ற குறிப்பும், எல்பிடபிள்யூ, விக்கெட் கீப்பர் கேட்ச் ஆகிய இரண்டுக்குமான அப்பீல்களின் எண்ணிக்கையும் அதோடு சேர்ந்தால், மூன்று பருவங்களில் சேலம் மாவட்டத்துக்கென்று ஒரு கணக்கு கிடைத்துவிடும்.